முடிச்சு மட்டம்

சுவரோடு முதுகை ஒட்டி, குதிகால்களைச் சேர்த்து வைத்து, மூச்சை ஒருமுறை உள்ளிழுத்து விட்டு நிற்கிறார் யோசுவா. இடுப்போரத்தில் முண்டு முடிந்திருக்கும் இடத்துக்கு நேராகக் கையைப் பின்னால் கொண்டுபோய், சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் ஒரு கீறல் போடுகிறார். பிறகு விலகி வந்து அதைப் பார்க்கிறார்.

"இதாக்கும் நம்ம முடிச்சு மட்டம். இனி மேலே உள்ளது மேலே, கீழே உள்ளது கீழே."

அந்தக் கீறலிலிருந்துதான் வீட்டின் உள்வேலை தொடங்கும். ரப்பர்க் குழாயின் இரண்டு முனையிலும் கண்ணாடிக் குழல் செருகிய தண்ணீர் மட்டத்தை வைத்து, கீறலின் உயரத்தை எல்லா அறைகளுக்கும் கொண்டுபோவார்கள். தரை இதற்கு எவ்வளவு கீழே, ஜன்னல் இதற்கு எவ்வளவு மேலே, அடுக்களைத் தண்ணீர் வெளியே போகும் துளை எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாஸ்தமங்கலத்திலிருந்து மணக்காடு வரை எத்தனையோ வீடுகளின் தரை யோசுவாவின் இடுப்பிலிருந்து அளந்து போட்டது. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

மட்டம் எங்கே வைத்தாலும் கணக்குக்கு ஒன்றுதான். இடுப்பு உயரம் என்றால் குனியவும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். ஆனால் மற்றக் கொத்தனார்கள் டேப்பால் அளந்து கீறுவார்கள். யோசுவா தன் உடம்பால் கீறுவார். ஓவர்சியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, டேப் இல்லையா என்று கேட்டார்.

"டேப்ப மறந்துபோட்டு வரலாம் சாரே. இடுப்ப மறந்துபோட்டு வர ஒக்குமா?"

கூட வேலை செய்கிற சுவாமிதாஸ் விடமாட்டார். "வயசானா மனுஷன் குறுகுவான் கேட்டியளா. அப்ப உம்ம வீடு எல்லாம்?"

"வீடும் எனக்க கூடவே குறுகட்டும்."

யோசுவா நெடிய மனிதர். நெய்யூர்ப் பக்கத்திலிருந்து இளம்வயதில் இந்த ஊருக்கு வந்தவர். செங்கல் வைத்துச் சுவர் எழுப்ப ஆட்கள் நிறைய உண்டு. தண்ணீர் போக வேண்டிய வேலை என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். மொட்டைமாடி, குளியலறைத் தரை, முற்றம், வீட்டைச் சுற்றி ஓடை. இவற்றுக்கெல்லாம் கொடுக்கிற சாய்வைக் கட்டட வேலைக்காரர்கள் நாங்கள் வாட்டம் என்போம். வாட்டம் குறைந்தால் தண்ணீர் தேங்கும். கூடினால் தண்ணீர் முந்திப் போய்விடும், மண்ணும் சோற்றுப்பருக்கையும் பின்னால் கிடக்கும். யோசுவா போட்ட ஓடையில் இரண்டும் சேர்ந்தே போகும்.

அவர் முறையில் ஒரு பிடிவாதம் உண்டு. மற்றவர்கள் ஓடையின் இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டுவார்கள். யோசுவா ஒரு முனையைத்தான் நம்புவார். தொடங்குகிற இடத்தின் உயரம், அடிக்கு எவ்வளவு இறக்கம், இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு நூலை விட்டுக்கொண்டே போவார். "ஒரு எடம் சொல்லு, வாட்டம் சொல்லு. பாக்கிய நூலு சொல்லும்." மறுமுனை ஏற்கெனவே தோண்டிக் கிடக்கிறதே என்றால் தலையாட்ட மாட்டார். "அது வேற ஒருத்தன் தோண்டின குழியாக்கும். நம்ம நூலு போற எடத்துக்குக் குழி வரட்டும்."

மழை பெய்தால் ஒதுங்குவார். ஆனால் மழைக்காக அல்ல. பழவங்காடியில் நூல்கண்டு வாங்கப் போனவர், மழை பிடித்துக்கொண்டால் கடையின் இறவாரத்தில் நின்று, சாலைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்தவர்கள் கோயிலைப் பார்த்து நிற்க, இவர் ஒருவர் மட்டும் தரையைப் பார்த்து நிற்பார். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். வடிந்த பிறகு எங்கே குட்டை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால்தான் அவருக்கு மழை முடிந்தது.

மனைவி பெயர் ஞானப்பூ. ஊரில் ஞானப்பூ டீச்சர் என்றால் தெரியும். மிஷன் படிப்பில் வளர்ந்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். யோசுவாவின் தோளுக்குக்கூட வரமாட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் இன்டர்மீடியட் படிக்கிற பெண்கள் சாயங்காலம் குன்னுகுழியில் உள்ள அந்த வீட்டுக்கு வந்து படித்துப் போகிறார்கள். ஸ்ரீவராகத்திலிருந்து விஜயம் என்று ஒரு பெண் வருவாள். ஒருநாள் அவளுக்கு நேர்கோட்டின் சமன்பாடு நடந்துகொண்டிருந்தது. யோசுவா வெளியே உட்கார்ந்து மணல் சலிக்கிற சல்லடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு கோடு," என்றார் டீச்சர். "நாலாவது அடியில ஒசரம் நாப்பது அங்குலம். அங்கேருந்து அடிக்கு ஒண்ணரை அங்குலம் தாழ்ந்து போவுது. சமன்பாடு என்ன?"

விஜயம் பென்சிலைக் கடித்தாள். வெளியிலிருந்து குரல் வந்தது. "பத்தாவது அடியில முப்பத்தொண்ணு."

"உங்களை ஆரு கேட்டா? செரி, பதினொண்ணாவது அடியில?"

"இருபத்தொம்பதரை."

"பன்னெண்டரையில?"

கொஞ்சம் தாமதம். "இருபத்தேழே கால்."

"இப்பிடி ஒவ்வொண்ணாட்டு விடியவிடியச் சொல்லுவியளா? எல்லா எடத்துக்கும் சேத்து ஒண்ணு சொல்லணும். அதாக்கும் சமன்பாடு."

"எல்லா எடத்துக்கும் சேத்து உள்ளதுக்கு நாங்க நூலுன்னு பேரு வச்சிருக்கோம்."

விஜயம் சிரித்துவிட்டாள். "அவர் சொல்றதும் சரிதானே டீச்சர்?"

"செரிதான். ஆனா பரீட்சைக்கு நூல் கொண்டுபோக விடமாட்டினும். எழுது."

ஒய் மைனஸ் நாற்பது ஈக்வல் டு மைனஸ் ஒன்றரை இன்டு எக்ஸ் மைனஸ் நாலு என்று அவள் எழுதினாள். எத்தனையாவது அடி வேண்டுமோ அதிலிருந்து, தொடங்கிய அடியான நாலைக் கழி. மிச்சத்தை வாட்டத்தால் பெருக்கு. தொடங்கிய உயரத்தோடு சேர். வாட்டம் இறக்கமானதால் உயரம் குறையும். அந்த இடத்தின் உயரம் கிடைத்துவிடும். நூல் செய்கிற வேலையைத்தான் அந்த ஒரு வரியும் செய்கிறது. விஜயம் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி டீச்சர் கேட்டார். தாளைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது.

டீச்சருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஓரங்கள் போயின. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். பெரியாஸ்பத்திரி டாக்டர் போனதைத் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். கரும்பலகையில் தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல் போன அன்று டீச்சர் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் யாரும் கையைப் பிடித்து நடத்தினால் கோபம் வரும். "எனக்க காலு நல்லாத்தான் இருக்கு," என்பார்.

குன்னுகுழியில் வீடுகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அடுக்களை வாசலிலிருந்து நிலம் இறங்கிப் போகும், கீழே கிணறு. நடுவே செம்பாறையில் வெட்டிய படிகள், ஒன்று முழ உயரம், ஒன்று சாண் உயரம். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. ஊர் ஓடைகளுக்கெல்லாம் வாட்டம் பார்த்த மனிதருக்குத் தன் வீட்டுப் படியைப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. துலாமாத, அதாவது ஐப்பசி, மழையில் டீச்சர் அதில் விழுந்தார். குடம் நசுங்கியது, மணிக்கட்டு பிசகியது.

செய்தி கேட்டு மார்த்தாண்டத்திலிருந்து டீச்சரின் தம்பி சத்தியதாஸ் ஓடிவந்தார். அக்காமேல் உயிராக இருக்கிறவர். அவர் வீடு சமநிலத்தில், அடுக்களையை ஒட்டியே கிணறு.

"அக்கா, நீ எனக்க கூட வா. இஞ்ச இந்தப் பள்ளத்தில எதுக்குக் கெடந்து கஷ்டப்படுக? அத்தானும் வரட்டு. அஞ்ச மார்த்தாண்டத்திலயும் கொத்தனாருக்கு வேலை உண்டு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி போன பிறகு டீச்சர் கணவரிடம் சொன்னார்: "அஞ்ச போனா என்னை நாக்காலியில இருத்திப்போடுவினும். தண்ணி வேணுமான்னு கேப்பினும். நான் கிணத்தில கோரப் போனா விடமாட்டினும். கணக்குக்கு அந்த ஊரில ஆரு வருவா?"

ஈஸ்டர் கழிந்ததும் அழைத்துப்போக வருவதாகத் தம்பி சொல்லியிருந்தார். அதற்குள் யார் கையையும் பிடிக்காமல் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வர முடிந்தால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் மார்த்தாண்டம். இது டீச்சரே தம்பிக்குக் கொடுத்த வாக்கு.

யோசுவா வேலையிலிருந்து வந்ததும் மண்வெட்டியை எடுக்கத் தொடங்கினார். முதலில் படிகளை எல்லாம் வெட்டி எறிந்தார். "படின்னா மனசில எண்ணிக்கிட்டே நடக்கணும். வாட்டம்னா காலு தன்னால போவும்." செம்மண்ணும் சரளையும் போட்டு இடித்து, அடுக்களை வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று ஒரே சீராக ஒரு பாதை போட்டார். வழுக்காமல் இருக்க மேலே பொடிக்கல். மழைத்தண்ணீருக்குப் பக்கத்தில் தனி ஓடை. பாதையோரம் ஆஞ்சிலி மரக் கால்கள் நட்டு, அவற்றின் தலையில் பள்ளம் வெட்டி, நீண்ட கமுகு ஒன்றைக் கைப்பிடியாகப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. நான் ஆசாரி; கமுகைச் சிராய் இல்லாமல் சீவிக்கொடுக்கப் போயிருந்தேன்.

முதல் காலை நட்டதும் யோசுவா அதன் பக்கத்தில் போய், குதிகால்களைச் சேர்த்து, மூச்சை இழுத்து விட்டு நின்றார். முண்டு முடிச்சுக்கு நேராகக் கீறினார். அங்கிருந்து நூல் கீழே போயிற்று. பாதைக்கு என்ன வாட்டமோ அதே வாட்டம். கீழே கடைசிக் காலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை மயிரிழை பிசகில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாள், சாயங்கால வெயிலில் அவர் டீச்சரைக் கூப்பிட்டார். "பிள்ளே, வந்து நடந்து பாரு."

டீச்சர் இடது இடுப்பில் குடத்தோடு வாசலுக்கு வந்தார். வலது கையை நீட்டித் தேடினார். கை கமுகுக்குக் கீழே காற்றில் போய் வந்தது. இன்னொரு முறை தேடினார். பிறகு கையை உயர்த்தியதும் கமுகு அகப்பட்டது. இறங்கிப் போனார். கால் தடுமாறவே இல்லை. யோசுவா என்னைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. ராட்டினம் கிறீச்சிட்டது. டீச்சர் நிறைகுடத்தை வலது இடுப்புக்கு மாற்றி, இடது கையால் கமுகைப் பிடித்துத் திரும்பி ஏறினார். இடது தோள் தூக்கி நின்றது. தோள் தூக்கத் தூக்க இடுப்பு சாய்ந்தது; இடுப்போடு குடமும் சாய்ந்தது. வாசலுக்கு வந்தபோது புடவை ஒரு பக்கம் முழுவதும் நனைந்து, குடத்தில் பாதிதான் இருந்தது.

டீச்சர் குடத்தை இறக்கி வைத்தார்.

"வாட்டம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார் டீச்சர். "நூல் பிடிச்ச மாதிரி போவுது."

"பின்ன?"

"தொடங்கின எடம் ஆருக்குள்ளது?"

யோசுவாவுக்கு விளங்கவில்லை. டீச்சர் கையை நீட்டி, அவருடைய முண்டு முடிச்சைத் தொட்டார். அப்படியே கையைப் பக்கவாட்டில் கொண்டுபோனார். கமுகின்மேல் விரல் போய் உட்கார்ந்தது.

"இது உங்களுக்குப் போட்டதாக்கும்."

யோசுவா கமுகைப் பார்த்தார், தன் இடுப்பைப் பார்த்தார். எந்தக் கட்டடத்திலும் முடிச்சு மட்டத்தின் உயரத்தை அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததும் இல்லை; தரைக்கும் ஓடைக்கும் யார் இடுப்பாக இருந்தால் என்ன? முதல்முறையாக ஒரு மனுஷியின் கைக்கு மட்டம் வேண்டியிருந்தது. அதையும் கேட்காமலே போட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டு முதல்லேருந்து போடுகேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஈஸ்டருக்குள்ள முடியுமோ என்னவோ."

"எதுக்குப் பிடுங்கணும்? இஞ்ச வாங்க." டீச்சர் வாசல்காலின் பக்கத்தில் போய் நின்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையைத் தோள் தளர்த்தித் தொங்கவிட்டு, முழங்கையைக் கொஞ்சம் மடக்கினார். "எனக்க கை இஞ்ச இருக்கு. கீறுங்க."

யோசுவா வாசல்காலில் கீறினார். முடிச்சு மட்டத்துக்கு ஏழு அங்குலம் கீழே.

"வாட்டம் மாறல்லே. எடம் மட்டும் தான் மாறினது. அப்ப இதும் அதும் பக்கத்துப் பக்கத்தில போற ரெண்டு கோடு. ஒருநாளும் கூடாது, ஒருநாளும் அகலாது. மேல உள்ள காலிலயும் ஏழு, கீழ உள்ள காலிலயும் ஏழு. எல்லாத்திலயும் ஏழு அறுத்துடுங்க. அது மதி, போதும்."

அது யோசுவாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. எத்தனை ஓடைகளை அப்படி ஆழப்படுத்தியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு காலிலும் ஏழு அங்குலம் அளந்து கீறிய பிறகும் என்னை வாளை எடுக்க விடவில்லை. "அறுத்த காலை ஒட்ட ஒக்காது," என்று சொல்லிக்கொண்டே நூல்கண்டை எடுத்தார். வாசல்காலுக்குப் பக்கத்தில், புதுக்கீறலின் உயரத்தில் நூலின் முனையைக் கட்டினார். அடிக்கு ஒன்றரை என்று விட்டுக்கொண்டே கீழே போனார். நூல் ஒவ்வொரு காலிலும் கீறலைத் தொட்டுக்கொண்டு போயிற்று. கடைசிக் காலில் அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சொல்லுது நூலு?" என்று மேலிருந்து டீச்சர் கேட்டார்.

"நீ சொன்னதத்தான் சொல்லுது."

"அப்ப ஆசாரிய அறுக்க விடுங்க. வெளிச்சம் போவுது. எனக்கு இல்லே, அவருக்கு."

அறுத்தேன். கமுகைப் புதுப் பள்ளங்களில் இறக்கி வைத்தபோது யோசுவா ஒரு முனையைப் பிடித்திருந்தார். அவ்வளவு தாழ்வாக அதை வைத்த பிறகுதான், டீச்சர் எவ்வளவு சின்ன உருவம் என்று எனக்கும் தோன்றியது.

ஈஸ்டர் கழிந்து சத்தியதாஸ் வந்தார். ஒரு குலை மட்டிப்பழமும் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தார். அக்காவின் துணிகளை வைக்க ஒரு டிரங்குப் பெட்டியும் கூட. அக்கா வா வா என்று பழத்தை வாங்கி உள்ளே வைத்தார். டிரங்குப் பெட்டி காலில் தட்டியதும் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சுவரோரம் நகர்த்தினார். "காப்பிக்குத் தண்ணி இல்லே. இரு," என்று குடத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

சத்தியதாஸ் பதறிக்கொண்டு எழுந்தார். யோசுவா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வாசலில் நின்றார்கள். டீச்சரின் கை தேடவில்லை. தொங்கிய இடத்திலேயே கமுகு இருந்தது. ராட்டினம் சத்தம் கேட்டது, நின்றது. திரும்பி வரும்போது தோள் தோளாகவும் குடம் குடமாகவும் இருந்தன. விளிம்பில் தண்ணீர் ஆடியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தம்பியைத் தாண்டிப் போகையில் டீச்சர் சொன்னார்: "வழியில நிக்காத மக்களே. இப்பிடி நெருங்கி நின்னா மூச்சு முட்டுது."

சத்தியதாஸ் காப்பி குடித்தார். பிறகு தானும் ஒருமுறை அந்தப் பாதையில் இறங்கி ஏறினார். அவரும் உயரமானவர். "இதென்ன அத்தான், இவ்வளவு தாழ்த்திப் போட்டிருக்கிய? நமக்கு முதுகு ஒடியுமே."

"அது நிக்க வேண்டிய எடத்திலதான் நிக்குது," என்றார் யோசுவா.

"உனக்கு வேணும்னா உனக்க வீட்டில ஒண்ணு போட்டுக்கோ," என்றார் டீச்சர் உள்ளிருந்து.

சாயங்கால பஸ்ஸுக்குச் சத்தியதாஸ் கிளம்பினார். கிறிஸ்துமசுக்கு இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும், நாலு நாளாவது இருக்க வேண்டும் என்று சொன்னார். டிரங்குப் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகச் சங்கடப்பட்டு அங்கேயே விட்டுவிட்டார். விஜயமும் மற்றப் பெண்களும் இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் கணக்குப் போடுகிறார்கள்.

இடவப்பாதி மழைக்காலம் பிடித்துவிட்டது. மழையில் மண் இளகும், நட்ட கால்கள் அசையும். சனிக்கிழமைதோறும் வேலை விட்டு வந்ததும், குளிக்கும் முன்னால், கமுகு இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க யோசுவா பின்வாசலுக்குப் போகிறார். முன்னறையில் டீச்சர் பெண்களுக்கு ஒரு புள்ளியும் ஒரு சாய்வும் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார். யோசுவா வாசல்காலோடு முதுகை ஒட்டி, குதிகால்களைச் சேர்த்து, மூச்சை இழுத்து விடுகிறார். பிறகு தன் முண்டு முடிச்சு அந்த ஏழு அங்குலம் தாழ்ந்த கீறலுக்கு வரும்வரை முழங்காலை மடக்குகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். இல்லாத குடத்தை இடது கையால் இடுப்பில் அணைத்துக்கொண்டு, வலது கையைக் கமுகின்மேல் வைத்து, அந்த உயரத்திலேயே கிணற்றுக்கு இறங்குகிறார்.